ஒருத்தர் தண்ணிக்குள்ள, ஒருத்தர் காக்கிக்குள்ள

பொலிஸில் சேர்ந்தவனுக்குச் சீருடை அளவெடுத்து முடியும் முன்பே, அவனுக்கு என்னென்ன ஆகலாம் என்ற கதை ஊரில் தொடங்கிவிடும். உங்கள் வீட்டுக் கொடியிலும் ஒரு காக்கிச் சட்டை காய்கிறது என்றால் இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

எங்கள் குடும்பம் தொண்ணூறில், முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வந்தது. நான் பிறந்தது கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில். வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான், புவியியல் படித்தேன். படித்து முடித்து இரண்டு வருடம் விண்ணப்பம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்த பிறகு தமிழ் எழுதத் தெரிந்தவர்களைப் பொலிஸில் எடுத்தார்கள். கான்ஸ்டபிளாகச் சேர்ந்தேன். தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இல்லாததால் ஊருக்குக் கிட்டவே ஒரு நிலையத்தில் போட்டார்கள்.

வாப்பா சுழியோடி. முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலின் அடிக்குப் போய்க் கடலட்டை பொறுக்குகிற வேலை. உம்மாவுக்கு எங்கள் இரண்டு பேருடைய வேலையும் பிடிக்காது. “ஒருத்தர் தண்ணிக்குள்ள, ஒருத்தர் காக்கிக்குள்ள. ரெண்டு பேரும் வீடு வந்து சேருமட்டும் எனக்குச் சோறு இறங்குதா?” என்று கேட்பார். வாப்பா என்னை வேலையை விடச் சொன்னார். நான் வாப்பாவை விடச் சொன்னேன். “நீ முதல்ல காக்கியக் கழட்டு, நான் சிலிண்டரக் கழட்டுறன்” என்பார் அவர். யாரும் எதையும் கழற்றவில்லை. உள்ளுக்குள் எனக்கு என்னைப் பற்றிய பயத்தைவிட வாப்பாவைப் பற்றிய பயம்தான் பெரிதாக இருந்தது.

முதல் காயம்

சேர்ந்த மூன்றாம் மாதம், கடமையில் இருக்கும்போது எனக்குக் காயம் பட்டது. கற்பிட்டி வீதியில் கழுதைகள் நடு ரோட்டில் நிற்பது புதிதல்ல. அன்று ஐந்தாறு கழுதைகள் ஒரு வளைவில் நின்றுகொண்டு நகர மறுத்தன. இரண்டு பக்கமும் பஸ் நின்றுவிட்டது. சட்டப்படி வீதியைத் திறந்துவிட வேண்டியவன் நான். ஒன்றைப் பின்னாலிருந்து தள்ளினேன். அது திரும்பிக்கூடப் பார்க்காமல் என் தொடையில் உதைத்தது.

அந்தச் செய்தி கண்டக்குழிக்குப் போய்ச் சேர்வதற்குள் கழுதை அதிலிருந்து காணாமல் போய்விட்டது. “பொலிஸுக்குப் போன பொடியனுக்குக் காயமாம்” என்பது மட்டும்தான் போயிருக்கிறது. உம்மா அழுதுகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். வாப்பா கடலில் நனைந்த சாரத்தோடு பின்னால் வந்து, என் தலைமாட்டில் நின்றார். சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பதிய வந்த ஊழியர் கடதாசியை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெட்டுக்கு ஒரு கட்டம் இருக்கு, துப்பாக்கிச் சூட்டுக்கு ஒரு கட்டம் இருக்கு. கழுதைக்கு நான் எங்க போறது, சேர்?”

மரத்திலிருந்து ஒரு வாக்குமூலம்

மதுரங்குளிப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் தண்ணீர்ப் பம்ப் ஒன்று களவு போனது. அதை எடுத்துக்கொண்டு போனவனைக் கண்ட ஒரே ஆள், அந்த நேரம் மரத்தில் இருந்த தேங்காய் பறிக்கிறவர். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். தமிழ் எழுத ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். நான் போனபோதும் அவர் மரத்தில்தான் இருந்தார்.

“அண்ணன், இறங்கி வாங்க, கொஞ்சம் கதைக்க வேணும்” என்றேன்.

“இன்னும் ரெண்டு குலை கிடக்கு சேர். நீங்கள் அங்க நிண்டே கேளுங்கோ. அங்க இல்லை, தள்ளி நில்லுங்கோ. தேங்காய் பொலிஸ் எண்டு பார்த்து விழாது.”

நான் கீழே நின்று கேட்டேன், அவர் மேலே இருந்து சொன்னார், நான் எழுதினேன். வாக்குமூலத்தை எழுதினால், சொன்னவருக்கு அதை முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அதனால் அண்ணாந்து கத்தி வாசித்தேன். “நீலச் சாரம் இல்லை சேர், பச்சை” என்று மேலே இருந்து திருத்தினார். கையெழுத்துக்கு மட்டும் இறங்கி வந்தார். நெஞ்சுத் தோல் முழுக்கக் கறுத்துக் காய்த்திருந்தது. போன வருடம் கூட வேலை செய்த ஒருவர் விழுந்து இன்னும் பாயில் கிடப்பதாகச் சொன்னார். கையெழுத்தைப் போட்டுவிட்டு என் சட்டையை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். “என்ர மூத்தவனும் பொலிஸில சேரப்போறன் எண்டு நிண்டவன். நான் விடேல்லை சேர். உசிருக்கு உத்தரவாதம் இல்லாத வேலை எண்டு மறிச்சுப்போட்டன்.”

சார்ஜன்டின் கால்

எங்கள் சார்ஜன்ட் சிலாபம் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகக் கதைப்பார். நான் படித்தவன் என்பதால் என்னைக் ‘கெம்பஸ் தம்பி’ என்று கூப்பிடுவார். அவர் இடது காலை இழுத்துத்தான் நடப்பார். யுத்த காலத்தில் வவுனியாவில் இருந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் அந்தக் காலைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணிவெடி என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, அவர் நடக்கும்போதெல்லாம் என் காலை ஒரு தரம் பார்த்துக்கொள்வேன்.

பெருநாளைக்கு அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். அது பிழையாகப் போயிற்று. அவர் வாசலில் ஏறின விதத்தைப் பார்த்ததும் உம்மாவின் முகம் மாறிவிட்டது. புரியாணியை வைத்துக்கொண்டே என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, நாளைக்கே ராஜினாமாக் கடிதம் எழுது என்றார். அடுப்படியில் கதைத்தது முன்னறைக்கும் கேட்டிருக்க வேண்டும். சார்ஜன்ட் கை கழுவ எழுந்து வந்து, உம்மாவுக்கு முன்னால் நின்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்: “உம்மா, வவுனியாவில ரெண்டு வருஷம் இருந்தேன், எனக்கு ஒரு கீறல் இல்ல. இது இங்க, மதுரங்குளிச் சந்தியில, வாழைக்காய் லொறி பின்னுக்கு எடுக்கக்குள்ள கால்ல ஏறினது.”

தொப்பி

எங்கள் வேலையில் ஆபத்தே இல்லை என்று எழுதினால் அது பொய். அடுத்த நிலையத்தில் ஒருவருக்குக் குடும்பச் சண்டை விலக்கப்போய்க் கையில் வெட்டு விழுந்தது. சண்டை நடக்கிற வீட்டுக்குள் நுழையும்போது இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பது யார் கையில் என்ன இருக்கிறது என்றுதான். ஆனால் நான் அதிகம் பயந்த நாளில் சண்டையும் இல்லை, கத்தியும் இல்லை. பள்ளிவாசல்துறையில் ஒரு சுழியோடியின் வீடுதான் இருந்தது.

அந்தச் சுழியோடி அடியிலிருந்து அவசரமாக மேலே வந்திருக்கிறார். அப்படி வந்தால் உடம்புக்குள் காற்று கட்டிக்கொள்ளும், கை கால் மரத்து இயங்காமல் போகும். கூட இருந்தவர்கள் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு அறிவிக்க என்னை அனுப்பினார்கள். வழி முழுக்க அந்த வீட்டு வாசலில் உம்மா நிற்பது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. காக்கியோடு போய் நின்றால் பயந்துவிடுவார்களே என்று யோசித்து, படலையடியில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்த அவருடைய மனைவி என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “மவுத்தா?” என்று கேட்டார். “இல்ல ராத்தா, இருக்கிறார். கால் ரெண்டும் ஏலாமல் இருக்கு. ஆஸ்பத்திரியில் கதைக்கிறார்” என்று அவசரமாகச் சொன்னேன். அவர் எழுந்து கையைக் கழுவி, ஒரு பையில் சாரம் இரண்டை வைத்து, பக்கத்து வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தார். நான் பிடித்துக் கொடுத்த ஓட்டோவில் ஏறும்போது சொன்னார்: “இனி ஒரு வீட்டுக்கும் தொப்பியக் கழட்டிட்டுப் போகாதீங்க தம்பி. தொப்பியோட வந்தா, ஏதோ விசாரிக்க வந்திருக்கு எண்டு நினைச்சுக்கொள்ளலாம்.”

தொழில் என்ற இடம்

அன்று பின்னேரம் வாப்பாவிடம் இதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். எந்த ஊர், எத்தனை பாகம் ஆழம் என்று மட்டும் விசாரித்தார். அடுத்த நாள் விடிய வழமைபோலக் கடலுக்குப் போனார்.

இரண்டு கிழமை கழித்து வாப்பா எங்கள் நிலையத்துக்கு வந்தார். வள்ளத்தில் இருந்த அவருடைய பை கடலில் விழுந்து அடையாள அட்டை போய்விட்டது. புதிதாக எடுக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். தமிழ் எழுத நான் மட்டும்தான் இருந்தேன். சொந்த வாப்பாவின் முறைப்பாட்டை நான் எழுதலாமா என்று சார்ஜன்டிடம் கேட்டேன். “களவா, கொலையா? எழுது தம்பி” என்றார். வாப்பா என் மேசைக்கு முன்னால் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். வீட்டில் என்னை நீ என்கிறவர், அங்கே நீங்க என்றார்.

பெயர், வயது, விலாசம் எழுதினேன். தொழில், சுழியோடி என்று எழுதினேன். பை விழுந்த விதத்தை எழுதினேன். விதிப்படி முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுப் பேனையைக் கொடுத்தேன். வாப்பா வாங்கினார். பேனை விரல்களுக்குள் நிற்கவில்லை. மேசையில் விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடி விழுந்தது. “பெருவிரல வச்சிட்டுப் போறனே” என்றார், என்னைப் பார்க்காமல். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தார் என்றாலும், என்னுடைய பாடசாலை அறிக்கை ஒவ்வொன்றிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

“எவ்வளவு நாளா, வாப்பா?”

“நோன்புக்கு முன்னால இருந்து. காலையில கொஞ்சம் மரத்துப்போகும். தண்ணிக்குள்ள போனா நல்லா இருக்கும்.”

எனக்கு எழுத்துகள் கலங்கிவிட்டன. ஒரு பொலிஸ்காரன் தன் மேசையில் அழக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஆனால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். வாப்பா புத்தகத்தில் தொழில் என்ற இடத்தில் விரலை வைத்தார். “இந்த இடத்த வெட்டிட்டு எழுதுங்க மகன். சுழியோடி வேணாம்.”

“வாப்பா, இது வாக்குமூலம். உண்மை இல்லாததை எழுத ஏலாது.”

“நாளைக்கு உண்மையாகும்.”

“இண்டைய திகதி போட்டிருக்கு.”

வாப்பா எழுந்து, “அப்ப நாளைக்கு வாறன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அரை நாள் லீவு கேட்டு ஓடிப்போய், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இனித் தண்ணீருக்குள் போகக்கூடாது என்றார் டொக்டர். விரல் முழுக்கத் திரும்புமா என்று சொல்ல ஏலாது, தொடர்ந்து வந்து காட்டுங்கள் என்றார். வாப்பா டொக்டர் சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். விடியும்வரை வாசற் கதவுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தேன்.

விடிய நான் கண்ணயர்ந்த நேரத்தில் அவர் போய்விட்டார். நிலையத்துக்கு வந்தும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பத்து மணிபோல் உள்ளே வந்தார். தலைமுடி காய்ந்திருந்தது, முதலில் அதைத்தான் பார்த்தேன். சிலிண்டரையும் ரப்பர் உடுப்பையும் வள்ள முதலாளியான சம்மாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, கரையில் அவருடைய வாடியில் கடலட்டை அவித்துக் காயவைக்கிற வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் அதிகம் மதிக்கிற ஆள் யார் என்று அன்று எனக்குத் தெரிந்தது. முந்தைய நாள் பக்கத்தைக் குறுக்கே வெட்டி, காரணம் எழுதி, புதுப் பக்கம் திருப்பினேன். வாப்பா கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “இப்ப எழுதுங்க மகன். வாடியில அட்டை அவிக்கிற வேலை. இண்டைய திகதிக்கு இது உண்மை.”

எங்கள் வீட்டில் இப்போது ஆபத்தான வேலையில் இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், உம்மா தொழுதுவிட்டுக் கேட்கிற துஆ முழுவதும் எனக்கே கிடைக்கிறது. பங்கு போட ஆள் இல்லை.