முதல் எண்ணுக்குப் பேர் லாபம்

இந்த ஜெர்மனியில் வாசல் கதவைச் சாத்தினால் தானாகவே பூட்டிக்கொள்கிறது. சாவியை மறந்து குப்பை கொட்டப் போய் இரண்டு முறை குளிரில் நின்றேன். இன்னொரு முறை நடந்தால் சாவியை வாங்கிக்கொண்டு, என்னைத் தனியாக வெளியே விடக் கூடாது என்று மகனும் மருமகள் சுமதியும் பேசியது காதில் விழுந்தது. அந்த வாரமே, சுமதி வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக்குப் புத்தி தெளிவான வயதானவர்கள் வேண்டும் என்றார்கள். நானே போகிறேன் என்றேன். தெளிவுதான் என்று அவர்களே எழுதிக் கொடுக்கட்டுமே.

முதலில் குழாய் மாதிரி மெஷினுக்குள் படுக்கவைத்துத் தலைக்குள்ளே படம் எடுத்தார்கள். பிறகு அந்தப் படத்தைத் திரையில் போட்டு, என் தலையோரம் ஒரு காந்தத்தைப் பிடித்தாள் ஹன்னா என்ற பெண். காந்தம் நகர நகர, திரையில் என் மூளைமேல் ஒரு புள்ளி நகர்ந்தது. பேச்சு பிறக்கும் இடத்தில் தட்டினால் நாக்கு ஒரு நொடி நின்றுவிடுமாம். தட்டுவதற்கு முன்னால், சும்மா ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

கூட நின்று அவள் சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த சுமதியின் முகம் வெளுத்துவிட்டது. "அத்தே, ஒண்ணுலேர்ந்து சொல்லுங்க."

மறுபடியும் லாபம்தான் வந்தது. ஹன்னா காகிதத்தில் ஏதோ குறித்தாள். சாவி போச்சு என்று நினைத்தேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சுமதி ஸ்ரீரங்கத்தில் பிறந்தவள், அரிசியைக் கடையில் கிலோவாகப் பார்த்தவள். ஜீயபுரத்தில் எங்கள் களத்தில் நெல் அளந்தது நான். முதல் மரக்காலை யாரும் ஒன்று என்பதில்லை, லாபம் என்போம். பள்ளிக்கூடம் நான் இரண்டு வருஷம்தான் போனேன். எண்ணிக்கை எனக்குக் களத்தில் வந்தது. நான் அளந்ததை ஒருவரும் திருப்பி அளந்ததில்லை.

"ஏம்மா, நெல்லு அளக்கறப்ப யாராவது ஒண்ணுன்னு ஆரம்பிப்பாங்களா? காவேரிக்கு அக்கரைல பொறந்துட்டு இதுகூடத் தெரியாதா உனக்கு?"

சுமதி சிரித்த சிரிப்பில் ஹன்னாவுக்கு விளக்கவே நேரமாயிற்று. ஹன்னா பழைய குறிப்பை அடித்துவிட்டு, லாபத்தைத் தன் எழுத்தில் எழுதிப் பக்கத்தில் சரி போட்டாள்.

அதற்குப் பிறகு காந்தம் தட்டியது. லாபம், ரெண்டு, மூணு. நாலு தொண்டையிலேயே நின்றது. வாய் திறந்திருக்கிறது, எண்ணம் இருக்கிறது, சத்தம் இல்லை. அடுத்து அஞ்சு தானாக வந்து விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தலை ஆடியதில் புள்ளி எங்கேயோ போய்விட்டது.

"உன் மாமனார் நாப்பது வருஷம் பாத்தாரு, நடக்கல. இந்தப் பொண்ணு ஒரே தட்டுல என் வாயை மூடிட்டா," என்றேன்.

சுமதிக்கு அங்கே வேலை இருந்தது. "நீங்களே போயிடுவீங்கல்ல, அத்தே? ஏழாவது ஸ்டாப்," என்று டிராமில் ஏற்றிவிட்டாள். முதல் நிறுத்தத்தில் கதவு திறந்தது. பலகையில் இந்த ஊர் எழுத்தில் என்னவோ பேர் இருந்தது. லாபம் என்று சொல்லிக்கொண்டு, இடுப்பில் சாவியைத் தொட்டுப் பார்த்தபடி, ரெண்டு வரக் காத்திருந்தேன்.