முப்பத்தாறு சைபீரியர்கள்

2009இல் பாரிஸுக்கு, கணவரிடம் வந்து சேர்ந்தேன். ஊரில் ஒரு அச்சகத்தில் பக்கம் வடிவமைத்த பழக்கம் இருந்ததால், இரண்டு ஆண்டுக்குள் லா சப்பல் பகுதியில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையில் உள்ள ஒரு அச்சுக் கடையில் வேலை கிடைத்தது. கலியாண அழைப்பிதழ், பெரியபிள்ளையான பெண்களுக்கான சாமத்திய வீட்டுப் பதாகை, மரண அறிவித்தல், விசாவுக்கான போட்டோப் பிரதிகள் என்று நாள் ஓடிவிடும். வந்து போகிறவர்கள் எல்லோரும் எங்கள் தமிழ் ஆட்கள்.

அதனால் ஒரு வெள்ளைக்கார அம்மா உள்ளே வந்தபோது வழி கேட்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அறுபது வயதைத் தாண்டியவர். தோள்பையிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து மேசையில் கவிழ்த்தார். முழுவதும் முகங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், பத்திரிகைத் துண்டுகள், தபால் தலையிலிருந்து பெருப்பித்த ஒரு தலை. மொத்தம் முப்பத்தாறு பேர். எல்லோரும் சைபீரியாவில் தன்னுடைய மாகாணத்தில் பிறந்தவர்கள் என்றும், இவர்களை ஒரே பெரிய தாளில் அச்சடித்துத் தரவேண்டும் என்றும் சொன்னார். பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய சங்க மண்டபத்தில் கண்காட்சி வைக்கப் போகிறாராம்.

அவருடைய பிரெஞ்சும் என்னுடையதைப் போலத்தான், தவணை முறையில் வந்தது. அதனாலேயே எங்களுக்கு ஒத்துப்போயிற்று. நான் மதாம் என்று கூப்பிட்டேன், அவரும் என்னை மதாம் என்றே கூப்பிட்டார்.

சைபீரியா என்று சொன்னதும் இங்கே உள்ளவர்கள் இரண்டு கேள்விதான் கேட்கிறார்கள் என்றார். குளிர் எப்படி? சிறை எப்படி? அங்கே மனிதர்களும் பிறந்தார்கள் என்று காட்டத்தான் இந்த வேலை. ஜார் காலத்து ஓவியர் ஒருவர், சோவியத் காலத்து விண்வெளி வீரர் ஒருவர், வேதியியலாளர், பாடகி, சதுரங்கக்காரர், போரில் விமானம் ஓட்டிய பெண். அவருடைய நாட்டுக்காரர் ஒருவர் இந்தப் பட்டியலோடு சண்டை பிடித்திருக்கிறார். இதில் பாதிப்பேர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களின் பிள்ளைகள், அவர்களை எப்படி மாகாணத்துக்காரர் என்று சொல்லலாம் என்று கேட்டாராம்.

"அங்கே பிறந்தார்கள். எனக்கு அது போதும்" என்றார் மதாம்.

என் வயிற்றில் அப்போது நாலு மாதம். பாரிஸில் பிறக்கப்போகிற பிள்ளை. அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ரஷ்ய எழுத்து எனக்குத் தெரியாது. பெயர்களை வைத்து ஆட்களைப் பிரிக்க முடியாமல் மீசைக்காரர், கண்ணாடிக்காரர், தொப்பிப் பெண் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். மதாமும் இரண்டொரு நாளில் அந்தப் பெயர்களாலேயே பேசத் தொடங்கிவிட்டார். கடைக்காரர் அண்ணைக்கு இதில் பெரிய லாபம் இல்லை. ஆனாலும் மதாம் வந்தால் தேத்தண்ணி வருவித்துக் கொடுப்பார்.

வேலை முடியும் தறுவாயில் எனக்கு ஒரு தொல்லை. வேதியியலாளரின் தாடியில் ஒரு கரும்புள்ளி. அதைக் கணினியில் அழித்தேன், போகவில்லை. துணியால் திரையைத் துடைத்தேன். புள்ளி பாடகியின் கன்னத்துக்குப் போயிற்று. அதோடு பக்கத்தில் அடிக்கடி ஒரு வெளிச்சம் வெட்டியது. போட்டோப் பிரதி எடுக்கும் கடையில் வெளிச்சம் வெட்டினால் யார் கவலைப்படுவார்? இயந்திரத்தின் வெளிச்சம் என்றே நாலு நாள் இருந்தேன்.

ஐந்தாம் நாள் மதாம் மாதிரித் தாளைப் பார்க்க வந்தார். நான் திரையைத் துடைப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன துடைக்கிறீர்கள் என்று கேட்டார். புள்ளி என்றேன். எந்தப் புள்ளியும் இல்லை என்றார். அவருடைய குரல் மாறியிருந்தது.

அச்சடித்த தாளை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். இடது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னார்.

"நடுவில் இருக்கும் ஓவியருடைய மூக்கையே பாருங்கள். கண்ணை அசைக்கக் கூடாது. கீழ் வரிசையில், இடது மூலையில் யார் இருக்கிறார்?"

"ஒருவரும் இல்லை."

"அவருக்கு மேலே?"

"அங்கேயும் ஒருவரும் இல்லை, மதாம்."

கையை எடுத்ததும் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். மூலையில் விமானம் ஓட்டிய பெண் சிரித்துக்கொண்டிருந்தார்.

தன் மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில், கண் வார்டில், இருபது வருடம் தாதியாக இருந்ததை மதாம் அப்போதுதான் சொன்னார். கண்ணுக்குள் விழித்திரை கழன்று வருகிறது, இன்றைக்கே போகவேண்டும் என்றார். நான் மாலையில் வேலை முடிந்து போகிறேன் என்றேன். அவர் அண்ணையிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த அத்தனை பிரெஞ்சையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"நீர் போயிட்டு வாரும், தங்கச்சி" என்றார் அண்ணை. "கடை எங்கையும் ஓடாது."

மெத்ரோ ரயிலில் மதாம் என் முழங்கையை விடவேயில்லை. கண் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். என் முறை வந்தபோது, கூட வந்தவர் வெளியே நிற்கவேண்டும் என்றார்கள். மதாம் நின்றார். ஆனால் அதற்கு முன் ஒரு தாளில் கண் ஒன்றை வட்டமாக வரைந்து, எனக்குத் தெரியாத பகுதியைக் கறுப்பாக்கி, கர்ப்பிணி என்றும் எழுதி என் கையில் தந்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இதை யார் வரைந்தது என்று கேட்டார்.

அடுத்த நாளே சத்திரசிகிச்சை. விழித்திரையின் நடுப்பகுதி இன்னும் கழலவில்லை, இரண்டு மூன்று நாள் பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள். கண்ணுக்குள் வாயு ஏற்றிவிட்டு, தலையை ஒரு பக்கமாகவே சாய்த்து வைத்திருக்கச் சொன்னார்கள். பாரிஸுக்கு வெளியே, கூசேன்வில்லில் எங்கள் சின்ன வீட்டில் பத்து நாள் அப்படியே கிடந்தேன். கணவர் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை முடித்து வந்து சமைத்தார். ஒரு நாள் சோற்றைக் குழைத்துத் தந்தபடி, "அந்த அம்மா உமக்கு என்ன முறை?" என்று கேட்டார். மதாம் ரயிலேறி இரண்டு தடவை வந்து பார்த்தார். வந்ததும் முதலில் தலையணையைத் திருத்துவார், பிறகுதான் நலம் கேட்பார்.

தாளை அண்ணையே அச்சடித்து முடித்திருந்தார். கண்காட்சிக்கு நானும் கணவரும் அண்ணையும் போனோம். பெரிய கூட்டமில்லை, பதினைந்து பேர் இருக்கும். சண்டை பிடித்த நாட்டுக்காரரும் வந்து ஒவ்வொரு முகத்தின் முன்னும் நீண்ட நேரம் நின்றார். அண்ணை விண்வெளி வீரரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்.

மகள் பிறந்து மூன்று வயதானபோது, மதாம் தன் மகளோடு வசிக்க ஸ்திராஸ்பூர் நகரத்துக்குப் புறப்பட்டார். கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்கு அவருடைய பெட்டிகளை நானும் கணவரும் தள்ளிக்கொண்டு போனோம். அதுவரை நன்றி என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன், ஆனால் ஒழுங்காகச் சொன்னதில்லை. பிரெஞ்சில் நாலு வசனம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மேடையில் நின்று சொன்னேன். மூன்றாவது வசனத்தில் அழுகை வந்துவிட்டது.

மதாம் சொன்னார்: "என் வார்டில் எத்தனையோ பேருக்கு உடனே வரச் சொன்னேன். பயிர் இருக்கிறது, பிள்ளை இருக்கிறது என்று போய்விட்டார்கள். நீங்கள் அன்று மேலங்கியைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தீர்கள். அதற்கு நான்தான் நன்றி சொல்லவேண்டும்."

மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார். யன்னலோரம் இருந்து கை காட்டினார். இரண்டு கண்ணாலும் அவரைப் பார்த்தபடி, வண்டி மேடையைத் தாண்டும்வரை நின்றேன்.