கூட என்ன வெச்சீங்க?

ஒலக்கூர் பக்கத்தில் நிலக்கடலை விளையும் ஒரு மல்லாட்டைக் கொல்லையில் கல்வட்டம் தோண்டுகிறார்கள், வந்து பாருங்கள் என்று என் பழைய மாணவர் ஒருவர் அழைத்தார். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்போது நானும் மனைவியும் திண்டிவனத்தில் இருக்கிறோம். இந்த மாதிரி இடங்களுக்கு அவள் வந்ததே இல்லை. அன்று பக்கத்து ஊரில் ஒரு மஞ்சள் நீராட்டு இருந்ததால் கூடவே வந்தாள்.

பழங்காலத்தவர் இறந்தவர்களைப் புதைத்து, சுற்றிலும் உருண்டைக் கற்களை நட்ட இடம் அது. நடுவில் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இரண்டு தாழிகள். அவற்றுக்கு இடையில் சோற்றுப்பானை அளவில் ஒன்று. உள்ளே குச்சி குச்சியாகச் சில எலும்புகளும் ஒரு சங்கு வளையலும் இருந்தன. என் இரண்டு விரல்கூட அந்த வளையலுக்குள் நுழையாது.

மண் அள்ளிக்கொண்டிருந்த பெண் என் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"பாத்தீங்களாம்மா, அந்தக் காலத்துலயே கொயந்தைக்கு வளையலு போட்டு அனுப்பிக்கிறாங்க. எங்க வூட்டு ஆளு இத்தினி வருசத்துல ஒரு கண்ணாடி வளையலு வாங்கியாந்ததில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம பொண்ணு கூட என்ன வெச்சீங்க?"

எங்களுக்குப் பிறந்தது ஒரே குழந்தை. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்து, மறுநாளே இறந்துபோனது. இவள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். வார்டு ஆள் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "சார், கையில வாங்கிக்கிறீங்களா, இல்ல நானே பாத்துக்கட்டுமா?" என்றார். "நீயே பாத்துக்கப்பா" என்றேன். வாங்கினால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். பயந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. எங்கே கொண்டுபோகிறார் என்றுகூடக் கேட்கவில்லை. சாயங்காலம் இவள் கண் விழித்ததும், இடுகாட்டில் புங்கமரத்தடியில் நானே புதைத்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். மரத்தையும் சேர்த்துச் சொன்னால் நம்புவாள் என்று தோன்றியது.

பிறகு வகுப்புக்குப் போனேன். எழுத்தறியாத, உழவறியாத ஆதி மனிதர்கள்கூட இறந்த குழந்தையைக் கிடத்தி, பாசிமணி வைத்து மண் போட்டார்கள், அவர்களுடைய கருவிகளைவிட அந்தக் குழிதான் அவர்களை நமக்குச் சொந்தக்காரர்கள் ஆக்குகிறது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தினேன். ஒருமுறைகூட எனக்குக் குரல் தடுமாறியதில்லை.

"ஒண்ணும் வெக்கல" என்று மட்டும் சொன்னேன்.

"உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க, பாவம். வாங்க, விழுப்புரம் போய்க்கினு வந்துரலாம். பஸ் ஸ்டாண்டாண்ட வளையலு வாங்கிக்கலாம்."

"இந்த வெயில்லயா? அந்த மரம் இருக்குதோ இல்லியோ."

"மரம் இல்லாட்டி என்னா, எடம் எங்க போயிடும்?"

மஞ்சள் நீராட்டுக்குப் போகாமலே பஸ் ஏறினோம். விழுப்புரத்தில் இறங்கி, பச்சைக் கண்ணாடியில் குழந்தை வளையல் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் இடுகாட்டுக்குப் போனோம். சுவரோரம் நிஜமாகவே ஒரு புங்கமரம் நின்றது. அது இல்லாதிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன்.

"எங்க?" என்றாள்.

கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினேன்.

முட்டி வலியோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, கிடைத்த ஓட்டுச் சில்லால் மண்ணைக் கீறினாள். வளையல்களை உள்ளே வைத்து மூடி, குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல் உள்ளங்கையால் தட்டினாள். எழுந்திருக்கக் கை கொடுத்தேன். பிடித்த கையை அவள் விடவில்லை.

"ஒத்தையா நின்னு எப்பிடித்தான் பொதச்சீங்களோ. நா எம்பாட்ட மட்டும் நெனச்சி அழுதுக்கினு இருந்தேன். உங்களக் கேக்கவே இல்ல பாருங்க" என்று சொல்லி அழுதாள்.

நானும் அழுதேன். அது எதற்கான அழுகை என்று அவளுக்குத் தெரியாது.

இப்போது அமாவாசைதோறும் போகலாம் என்கிறாள். இரண்டு முறை அழைத்துப் போய்விட்டேன். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். நாளைக் காலை காபி குடித்து முடித்ததும் இந்தத் தாள்களை அவள் கையில் கொடுக்க வேண்டும்.