மதகு வளைவில் நிற்கும் கார்

பழைய காரை வேகமாக ஓட வைப்பது, ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை எழுப்பி ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புகிற தொழில். அவர் வழியில் எதைப் பார்த்து நிற்பார் என்று நமக்குத் தெரியாது.

பட்டு நெய்கிற ஆரணியில் இந்தத் தொழிலா என்று கேட்பீர்கள். சென்னையில் ரேஸ் கார்களுக்கு வேலை செய்யும் ஒரு ஷெட்டில் தொண்ணூறுகளைக் கழித்துவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு இங்கே வந்து ஷெட் போட்டேன். பாதி இடத்தில் எலக்ட்ரீஷியன் அன்வர் பட்டறை வைத்திருந்தான். உங்களிலும் பழைய வண்டியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இருப்பீர்கள். ஒரு கோளாறு எப்படி வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். எங்கே போனது என்பதுதான் தெரியாது. அந்த வேதனை தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பின்சீட்டு

பிரகாஷ் வீட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. புடவை வியாபாரமும் உண்டு. அவன் சென்னையிலிருந்து ஒரு ஜப்பான் டர்போ காரை வாங்கி வந்தான். வயதான கார், ஆனால் கோபம் குறையாதது. டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி. காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகமாக வேண்டும். பெட்ரோல் பற்றாமல் போனால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும். அவன் வேகத்தைக் கூட்டச் சொன்னான். நான் பெட்ரோலை அதிகமாகத் தள்ளுவதற்குப் பெரிய பம்ப், பெரிய இன்ஜெக்டர்கள், புது பிரஷர் ரெகுலேட்டர் எல்லாம் போட்டேன். "கண்ட பங்கிலும் போடாதே, நல்ல பெட்ரோலாகக் கேனில் வாங்கி வை, வடிகட்டி ஊற்று" என்றும் சொல்லி அனுப்பினேன். அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன்.

வண்டியை வீட்டில் விடப் போனபோது அவன் அம்மா சரோஜா வாசலில் நின்றிருந்தார். ஓட்டிக் காட்ட மறுபடி சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடிக்கும் முன் புது பம்ப் பின்சீட்டுக்குக் கீழே இரண்டு நொடி முனகும். பெரிய பம்ப் என்றால் அந்தச் சத்தம் இருக்கத்தான் செய்யும். அந்த அம்மா கதவுக் கண்ணாடி வழியாகக் குனிந்து, காலியான பின்சீட்டை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள்ள யாருய்யா முனகிகினு கீறது?"

முதல் தடவை

சில வாரம் கழித்து பிரகாஷ் வியர்த்துப்போய் வந்தான். தேவிகாபுரம் ரோட்டில், ஏரிக்கரை மதகை ஒட்டிய வளைவில் வண்டி திக்கித் திக்கி நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிட்டதாம். ஷெட்டில் வைத்து அரை நாள் ஓட்டிப் பார்த்தேன். பழுதே இல்லை. உங்களுக்கும் நடந்திருக்கும், டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் இறங்குகிற மாதிரி.

மறுபடி போனான், மறுபடி அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஊரைத் தாண்டும் வரை ஒழுங்காக வந்த வண்டி, வளைவுக்குள் நுழைந்ததும் இருமியது. மதகுக்கு நேராக மூச்சை நிறுத்திக்கொண்டது. ஏரியில் தண்ணீர் இல்லை. காற்றும் இல்லை. இறங்கி பானெட்டைத் திறந்தேன். பிரகாஷ் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எங்க அண்ணன் விழுந்த எடம்ணே இது."

தொத்து வியாதி

பிறகு அன்வர் எனக்கு விவரம் சொன்னான். பிரகாஷின் அண்ணன் தேவராஜ், கல்யாணம் நிச்சயமான பிறகு, பைக்கில் போய் அந்த வளைவில் ஒரு மண் லாரியில் மோதியிருக்கிறான். வேகம்தான் காரணம். அன்றைக்கு அந்த வீட்டில் தறிகள் நின்றன. வெகுநாள் கழித்துத்தான் ஓடினவாம்.

சேதி ஊரில் பரவிவிட்டது. வந்தவாசிக்கு ஆள் ஏற்றும் வேன் டிரைவர் ஒருவர் பிரேக் வேலைக்கு வந்தார். அவர் வேனைப் பிரகாஷின் கார் பக்கத்தில் நிறுத்தச் சொன்னேன். மனிதர் வேனைப் பின்னுக்கு எடுத்து, ரோட்டிலேயே வெயிலில் நிறுத்திவிட்டு வந்தார். ஏன் என்றேன். அவர் சிரிக்கவே இல்லை: "அதுங்க ரெண்டும் ராத்திரி பூரா பக்கத்துல நின்னா, என்னுதும் கத்துக்கும்பா."

சிவப்பு

இனி யோசிப்பதில் பலனில்லை என்று பெட்ரோல் டேங்க்கைக் கழற்றினேன். பம்ப்பின் வாயில் ஒரு சிறிய வலை உறை இருக்கும், குப்பை உள்ளே போகாமல் தடுக்க. அதை வெளியே எடுத்ததும் என் கை நின்றுவிட்டது. உறையைச் சுற்றி அரக்குச் சிவப்பில், ஈரமாக, கொத்துக் கொத்தாக முடி. மருதாணி போட்ட பெண்ணின் தலைமுடி மாதிரி இருந்தது. டேங்க்குக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் இன்னும் கிடந்தது. டேங்க்கை அசைத்தபோது அதுவும் அசைந்தது.

இரண்டு இழையைப் பிரித்து நாள் முழுக்க வெயிலில் உலர்த்தி, ஷெட்டுக்கு வெளியே தூரமாகப் போய்க் கொளுத்தினேன். கருகிய முடி வாடை. ஐம்பதை நெருங்கும் வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று நின்றிருந்தேன். அன்வர் வந்து மோந்து பார்த்தான். அவனுக்குப் பயமே இல்லை. கேலியாகத்தான் பார்த்தான்: "கொளுத்துனா முடி நாத்தம் வந்தா அசல் பட்டு, மேஸ்திரி! ஆரணில பால் குடிக்கிற கொழந்தைக்குத் தெரியும் இது."

பேய்ப் பயம் போய்விட்டது. வேறொரு பயம் வந்து உட்கார்ந்தது. பெட்ரோல் டேங்க்குக்குள் பட்டு எப்படி வரும்?

வடிகட்டுகிற துணி

அவர்கள் வீட்டுப் பின்கட்டில் கேன் இருந்தது. கேன் மேல் புனல், புனலுக்குள் அரக்குப் பட்டு. வேறு எந்த வீடாக இருந்தாலும் பழைய வேட்டியைக் கிழித்திருப்பார்கள். நெய்கிற வீட்டில் வடிகட்டுவதற்கும் மென்மையாக ஒன்றைத் தேடியிருக்கிறார்கள். தறியிலிருந்து அறுத்து எடுத்த துணி. ஓரம் மடித்துத் தைக்காததால் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் இழை பிரிந்து உள்ளே போயிருக்கிறது. பழைய பம்ப்புக்கு அதை இழுக்கத் தெம்பு இருந்திருக்காது. நான் போட்ட பெரிய பம்ப் வேகமாக உறிஞ்சும்போது இழைகள் உறையில் போய் ஒட்டி மூச்சை அடைக்கும். வண்டி நின்றால் உறிஞ்சல் நிற்கும், இழைகள் விலகும், வண்டி கிளம்பிவிடும். ஊரைத் தாண்டி முதன்முதலாகக் காலை முழுக்க அழுத்தக்கூடிய இடம் அந்த வளைவுக்கு முன்னால்தான். எல்லாம் பொருந்திவிட்டது. இவ்வளவு பொருந்தியது எனக்கு நிம்மதியாக இல்லை.

"இது எந்தப் புடவைம்மா?" என்று கேட்டேன்.

"பெரியவனுக்கு வரப்போற பொண்ணுக்குன்னு தறில எறக்கினது. பாதி நெய்ஞ்சிகினு இருக்கும்போது சேதி வந்துச்சு. அறுத்து வெச்சிட்டேன்" என்றார் சரோஜா அம்மா. பின்சீட்டில் அன்று முனகல் கேட்டதிலிருந்து, தம்பி வண்டியில் அண்ணன் உட்கார்ந்து போகிறான் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது. வடிகட்டி ஊற்றச் சொன்னார்கள் என்றதும் இந்தத் துணியைத்தான் எடுத்தாராம்.

பெட்ரோல் இப்படி அடைபட்டால் ஒரு நாள் எஞ்சின் உருகிப் பூட்டிக்கொள்ளும், அந்த வேகத்தில் வண்டி கவிழும், அவன் உயிருக்கே ஆபத்து என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். புனலிலிருந்து துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "நீ சுத்தம் பண்ணி குட்த்துட்டா, அந்த வளைவுல அவன் எதுக்குய்யா நிப்பான்?"

முள்

ஷெட்டுக்குத் திரும்பி டேங்க்கைக் கழுவினேன். புது உறை போட்டேன். அடைத்துக்கொண்டு ஓடினால் அவன் சாவான். அடைப்பில்லாமல் ஓடினாலும் அவன் அண்ணன் செத்த மாதிரியே சாகலாம். இரண்டில் எது என் வேலை? என்னால் சரிசெய்ய முடிந்ததைத்தான் நான் சரிசெய்தேன். அது போதுமா என்று இன்றும் தெரியவில்லை.

உச்சி வெயிலில் சோதனை ஓட்டத்துக்குப் போனோம். பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டரை பானெட்டிலிருந்து வெளியே இழுத்து, முன்கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடி கட்டியிருந்தேன். ஊரைத் தாண்டியதும் பிரகாஷ் அழுத்தினான். டர்போ கூவியது. டர்போ காற்றைத் திணிக்கத் திணிக்க முள்ளும் அதற்கு ஈடாக ஏறி நின்றது. ஒரு நடுக்கம் இல்லை. இருக்கை முதுகைத் தள்ளியது. இவ்வளவு நன்றாக அந்தக் கார் ஓடியதே இல்லை. வளைவு வந்தது. நான் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். மனதுக்குள் 'நில்லு, நில்லு' என்று சொல்லிக்கொண்டிருந்தேன், என் வேலை தோற்க வேண்டும் என்று.

வண்டி மெதுவானது. இருமல் இல்லை, திக்கல் இல்லை; ஊர்வலத்தைக் கண்ட வண்டி போல இதமாகத் தணிந்தது. குனிந்து பார்த்தேன். பிரகாஷின் கால் ஆக்சிலேட்டர் மிதியிலிருந்து மேலே தூக்கியிருந்தது. மதகை மாட்டுவண்டி வேகத்தில் கடந்தோம். இத்தனை முறை நின்று நின்று கார் அவன் காலைப் பழக்கிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நல்ல விளக்கம்தான். அதற்குள் அவன் என் பக்கம் திரும்பினான். முகத்தில் ரத்தமே இல்லை: "அண்ணே, சத்தியமா நான் காலை எடுக்கலண்ணே."

மீதித் துணி

அதன் பிறகு கார் எங்கும் நின்றதில்லை. அந்த வளைவில் மட்டும் மெதுவாகப் போகும். ஒவ்வொரு சர்வீஸிலும் நான் கேட்பேன், ஒவ்வொரு முறையும் அவன் அதையேதான் சொல்வான். ஒரு நாள் சரோஜா அம்மா ஷெட்டுக்கே வந்து, மீதித் துணியைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். எனக்கு எதற்கு என்றேன். சாவியைத் திருப்பச் சொன்னார். பின்சீட்டுக்கு அடியில் பம்ப் முனகியது. இந்த முறை அவர் குனிந்து பார்க்கவில்லை: "இனிமே துணி வேணாம்யா, பெரியவனுக்கு வழி தெரிஞ்சு போச்சு."

வேகம் கூட்டித் தரப்படும் என்று ஷெட்டில் போர்டு மாட்டியிருக்கிற நான், அந்த மதகு வளைவில் மட்டும் என் பழைய மொபெட்டை அணைத்து இறங்கி, ஏதோ பெட்ரோல் தீர்ந்துபோன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.