இந்திரண்ணையின் எல்க் வேட்டையும் எங்கள் தலைவரும்

இந்திரண்ணை போய்விட்டார். நேற்றுப் பின்னேரம், வேலையிடத்திலேயே... மாரடைப்பாம்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் என்னோடு எட்டு வருடம் நின்ற மனிதர். என்னை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "தங்கச்சி" தான்.

செய்தி கேட்டு ஃபேஸ்புக்கைத் திறந்தால் முதல் பதிவே எங்கள் வேட்டைக் குழுத் தலைவருடையது. மலையில் எடுத்த போட்டோ, கையில் இந்திரண்ணையின் துவக்கு, கீழே "நான் வழிநடத்திய வேட்டைக் குழுவின் தூண் சாய்ந்தது" என்று ஒரு வரி.

சீ! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்திரண்ணைக்கு ஒரேயொரு ஆசை. நோர்வே அரசாங்க மலைக்காட்டில், முறைப்படி, ஒரு எல்க் சுட வேண்டும்... குதிரை உயரத்தில் நிற்குமே, அந்தப் பெரிய மான்.

"ஊரிலை துவக்கைக் கண்டு ஓடி வந்தவன், இஞ்சை காசு குடுத்துத் துவக்கு வேண்டுறான்" என்று ஒஸ்லோவில் எங்கள் சனம் இருக்கிற ஹவுகன்ஸ்டுவாவில் சிரிக்காத ஆள் இல்லை. "அது மனிசரைச் சுடுற துவக்கு. இது சாப்பாட்டுக்கு," என்பார், அவ்வளவுதான்.

வேட்டைப் பரீட்சையை நொர்வேஜியனில் எழுதிப் பாஸ் பண்ணினார். பிறகு என்னையும் விடாமல் இழுத்துக்கொண்டுபோய் எழுத வைத்தார்.

அந்த மலையில் நினைத்தவுடன் போய்ச் சுட முடியாது. குலுக்கலில் பேர் விழ வேண்டும். வருடா வருடம் போட்டு, கடைசியில் ஒரு எல்க், ஒரு மான் என்று அனுமதி விழுந்தது. அன்றைக்கு இல்லத்துக் கிழவிகள் எல்லோருக்கும் இரண்டாம் முறையும் கேக் வெட்டிக் கொடுத்தார் மனிதர்.

பிறகு சாப்பாட்டு மேசை முழுக்க மலை வரைபடம். எல்க் எந்தச் சரிவால் இறங்கும், காற்று எந்தப் பக்கம், யார் எங்கே மறைந்து நிற்பது...

"தங்கச்சி, இறக்கேலாத இடத்திலை சுடக்கூடாது. சுட்டால் ஒரு துண்டு இறைச்சியும் மலையிலை அழுகக்கூடாது. முதுகிலை காவ ஆள் வேணும்."

இறைச்சியைக் காவிச் சுமக்க ஆள் தேடித்தான் கெட்டார். ஒஸ்லோவின் மற்றப் பக்கம், ஹொல்ம்லியாவில் இருந்து மூன்று பேர் சேர்ந்தார்கள், சேர்ந்த அன்றைக்கே கூட்டம் வைத்தார்கள்.

ஐந்து பேருக்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், ஒரு பொருளாளர்! எங்கள் சனம் சந்திரனுக்குப் போனாலும் இறங்க முதல் நிர்வாக சபை தெரிவு செய்யும்.

ஆனால் வேட்டைக்குத் தலைவர் என்பது மாலை போடுகிற பதவி இல்லை. அந்த வருடச் சூட்டுப் பரீட்சை பாஸ் பண்ணியவர்தான் தலைவராகப் பதியலாம், அப்படி ஒருவர் இல்லாமல் குழு சுடவே கூடாது என்பது அந்த மலையின் விதி.

"அதெல்லாம் போன கிழமையே பாஸ்," என்றார் அந்த மூவரில் ஒருவர், இன்று போட்டோ போட்ட எங்கள் தலைவர். ரோல்ஸும் தேத்தண்ணியும் தந்தார். நான் இந்திரண்ணைக்குக் கை உயர்த்தினேன், இந்திரண்ணையோ அவருக்கு உயர்த்தினார்.

"பெரிய மனிசன், ஆசைப்பட்டுக் கேக்கிறார். விடு தங்கச்சி."

அதன்பிறகு தலைவர் செய்த ஏற்பாடு என்ன தெரியுமா? குழுவின் பேர் போட்டுப் பெரிய பனர் அடித்தார். ஸ்ட்ரோம்மனில் மலிவு விற்பனையில் ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கினார்.

மலைக்குப் போன முதல் காலை. குடிலை விட்டு இறங்க முதலே மலைக்காவலர் வந்து தலைவரின் பரீட்சை அட்டையைக் கேட்டார்.

"வீட்டிலை விட்டிட்டன்..."

காவலர் போன் போட்டுப் பார்த்தார். ஃபெயில்கூட இல்லை, ஆள் பரீட்சைக்கே போகவில்லை!

தலைவரை மாற்றுவதென்றால் அலுவலகத்தில் பதிய வேண்டும். சனிக்கிழமை, அலுவலகம் பூட்டு. ஞாயிறோடு எங்கள் அனுமதி முடிகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றார் காவலர்.

அந்த நேரம் பார்த்து எதிர்ச் சரிவில் ஒரு எல்க் கன்றோடு நின்றது. இந்திரண்ணை துவக்கை உறையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

பிறகு சம்பல் வைத்த பாண் பொட்டலத்தைப் பிரித்து, முதல் துண்டைத் தலைவருக்கு நீட்டினார். "சாப்பிடுங்கோ, விடிய வெள்ளன எழும்பினது." எனக்கு இந்திரண்ணையிலும் கோபம் வந்தது.

திரும்பி வரும்போது காரில் தலைவர் சொல்கிறார், "உவங்கள் துவேசம் பிடிச்சவங்கள். கறுப்பன் எண்டபடியால்தான் கலைச்சவங்கள்."

ஒஸ்லோவுக்கு வந்ததும் கதை இன்னும் மாறிவிட்டது. இந்திரன்தான் பேப்பர் அலுவலைக் குழப்பினாராம்! ஊர் முழுக்க அதையே நம்பியது. இந்திரண்ணை ஒருவரிடமும் மறுத்துக் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு குலுக்கலில் அவர் பேர் விழவேயில்லை.

இன்று காலை அவர் வீட்டில் நின்றேன். அவருடைய மனைவி சாந்தியக்காவுக்குத் தலைவரிடமிருந்து போன், அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, இந்திரன்ரை துவக்கை என்ன செய்யப்போறியள்? சும்மாதானே கிடக்கும்... நான் எடுக்கிறனே?"

உடம்பு இன்னும் ஆஸ்பத்திரியில். அறுவானுக்கு நாக்கு எப்படித்தான் எழும்பியதோ!

நான் போனைப் பறிக்கப் போனேன். அக்கா கையால் மறித்தார். அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"தலைவர்... அந்த மலை அலுவலுக்கு நீங்கள் அவரிட்டை ஒருக்கா மன்னிப்புக் கேட்டனீங்களே?"

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"செத்தவீட்டிலை நான் பேசுறன் அக்கா. விரிவாப் பேசுறன்."

போயிட்டு வாங்கோ இந்திரண்ணை... அந்தப் பேச்சை நீங்கள் கேட்கத் தேவையில்லை.