மலரோடு நடந்த தேங்காய்

விரலைக் குத்திச் சீனி பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. காலையில் அந்த நேரத்தில் அடித்தால் அது மலர்தான். இருவரும் அன்றைய இலக்கத்தைச் சொல்லுவோம். யாருக்குக் கூடியிருக்கிறதோ அவர் மற்றவரிடம் ஏச்சு வாங்க வேண்டும். அதனால் நான் முந்திக்கொண்டேன். "நூற்றி எழுபத்தெட்டு. ஏசாதையும், நேற்றுக் கலியாண வீடு." மறுபக்கத்தில் இருந்தது அவளுடைய கணவர் யோகநாதன் அண்ணை. "ரஞ்சி, மலர் போயிட்டா. நித்திரையிலயே" என்றார். அந்த இலக்கத்துக்கு என்னை ஏச இனி ஒருவரும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் அந்தக் காப்புறுதிக் கந்தோரில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு மலரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யுத்த காலத்தில் நாங்கள் இருவரும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தோம். ஒரே வயது, ஒரே பஸ், கடைசியில் ஒரே வருத்தம். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதினால் அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

கலியாணமாகிச் சில வருடங்கள் கழித்தும் பிள்ளை இல்லாததால் இருவரும் ஒரே டொக்டர் அம்மாவிடம் போனோம். சூலகத்தில் நீர்க்கட்டிகள், முத்துக் கோத்த மாதிரி வரிசையாக இருக்கின்றன என்றார் அவர். நான் அங்கேயே அழுதேன். மலர் வெளியே வந்து, "சீதனத்தில ஒரு முத்துமாலை கேட்டன், அப்பா தரேல்லை. இப்ப பாரும், உள்ளுக்குப் போட்டிருக்கிறனாம்" என்றாள். அவளுக்குச் சீனி வருத்தமும் இருந்தது. எனக்கு அது வாசலில் நின்றது. உடம்பைக் குறையுங்கோ, சீனியை இறக்குங்கோ, அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கான மருந்து என்று டொக்டர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்கு வழி கேட்டோம். "நடவுங்கோ. ஒவ்வொரு நாளும், கைவீசி" என்றார். அந்த அம்மா காரில் வந்து போகிறவர்.

அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ்ப் பெண் காரணமில்லாமல் நடப்பதென்றால் சும்மாவா? எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறுகிற இடத்தில் ஒரு காவலரண் இருந்தது. தொப்பை வைத்த ஓர் ஆமிக்காரர் மண்மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் "கொஹெத யன்னே?" என்று கேட்டார். எங்கே போகிறோம்? ஓரிடமும் இல்லை. எங்கிருந்து வருகிறோம்? வீட்டிலிருந்து. திரும்ப எங்கே? வீட்டுக்குத்தான். உண்மையைச் சொன்னோம், அதுதான் பிழை. உளவு பார்க்கிறவர்கள்கூட எங்களைவிட நல்ல பதில் வைத்திருப்பார்கள். கந்தோருக்கு நேரமாகும்வரை எங்களை அங்கேயே நிறுத்திவைத்தார். அடையாள அட்டையை அவர் திருப்பித் திருப்பிப் பார்க்க, மலர் என் காதில், "படத்தில மீசை இல்லை, இப்ப இருக்கு. அதுக்கும் விசாரிக்கப் போறான்" என்றாள். இந்த நீர்க்கட்டி வருத்தம் வந்தவர்களுக்கு முகத்தில் மயிர் வளரும் என்பது தெரியாதவர்களுக்கு அந்தப் பகிடி விளங்காது. எனக்கு விளங்கியது. துவக்கு வைத்திருப்பவருக்கு முன்னால் சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் மலர் ஒரு சீலைப் பையோடு வந்தாள். உள்ளே ஒரு தேங்காய். "கையில சாமான் இருந்தா ஆரும் கேக்க மாட்டாங்கள். போகேக்க கோயிலுக்கு, வரேக்க சமையலுக்கு" என்றாள். அவள் சொன்னபடியே நடந்தது. காவலரணைக் கடந்து, சந்தைவரை போய், அதே தேங்காயோடு திரும்பி வருவோம். மறுநாளும் அதே தேங்காய். வேறு வாங்கினால் என்ன என்று கேட்டேன். "இது பழகின தேங்காய், வழி தெரியும்" என்றாள்.

கந்தோரில் பின்னேரத் தேநீர் வரும்போது சீனியில்லாத இரண்டு கோப்பைகள் தனியாக வரும். கலியாண வீடுகளில் கிழவிகள் அவளைப் பிடித்து, "என்ன பிள்ளை, விசேஷம் ஒண்டும் இல்லையோ?" என்பார்கள். "இருக்கு மாமி. சீனி இருநூறைத் தாண்டிட்டுது" என்பாள். கேட்டவர்கள் வாழ்த்துவதா வருந்துவதா என்று தெரியாமல் முழிப்பார்கள். வீட்டுக்கு வந்து அவள் அழுதிருக்கலாம். என் முன்னால் அழுததில்லை.

ஒரு நாள் மாட்டிக்கொண்டோம். அந்த ஆமிக்காரர் பையைத் திறந்து தேங்காயை வெளியே எடுத்தார். அதன் குடுமி ஒரு பக்கம் சரிந்து நிற்கும். தான் தென்னந்தோட்டக்காரன் என்றும், ஒரு தேங்காயை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டேன் என்றும், இதே தேங்காய் பல நாளாகத் தன்னைக் கடந்து போய்வருகிறது என்றும் சிங்களத்தில் சொன்னார். காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தார். கேட்க வேண்டிய சத்தம் கேட்கவில்லைப் போல, முகம் மாறிவிட்டது. உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள், உடைத்துப் பார்க்கப் போகிறேன் என்று எழும்பினார். அந்த நாட்களில் இதைவிடச் சின்னக் காரணத்துக்கு ஆட்களை ஜீப்பில் ஏற்றியிருக்கிறார்கள்.

மலர் பதறவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், உடைக்க வேண்டாம், அது கண தெய்யோவுக்கு வைத்த 'பாரய' என்றாள். பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி என்று அர்த்தம். பச்சைப் பொய். ஆனால் அந்த மனிதர் தேங்காயைச் சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சிங்களவர்களும் அதே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர்கள்தானே. என்ன நேர்த்தி என்று மெதுவாகக் கேட்டார். "ளமயெக்" என்றாள் மலர். ஒரு பிள்ளை வேண்டும். யாருக்கு என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள்.

திரும்பி வரும்போது, "ஏன் என்னைக் காட்டினீர்? உமக்கும்தானே வேணும்?" என்று கேட்டேன். "உம்மட மூஞ்சிதான் அழுற மாதிரி இருந்தது. என்னைக் காட்டினா அவன் நம்பியிருக்க மாட்டான்" என்றாள். பொய்தானே, அந்தத் தேங்காயை இனிச் சமையலுக்கு எடுக்கலாம் என்றேன். அதற்கு மட்டும் அவள் சிரிக்கவில்லை. "பிள்ளையாற்ற பேரைச் சொல்லியாச்சு. சொன்னது சொன்னதுதான்." அன்றிலிருந்து அந்தத் தேங்காய்க்கு எங்களைவிட மரியாதை. ஆமிக்காரர் எங்களை மறிப்பதை விட்டு, இன்னும் உடைக்கவில்லையா என்று மட்டும் கேட்பார். நாங்கள் தலையாட்டிவிட்டுக் கைவீசி நடப்போம்.

எங்கள் வருத்தத்தில் மாதம் தவறுவது ஒரு செய்தியே இல்லை. அதனால் என் வயிற்றில் பிள்ளை நின்றது எனக்கே தெரியவில்லை. காஸ்ட்ரிக் என்று மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். நடக்கும்போது இரண்டு நாள் மதிலோரம் சத்தி எடுத்ததைப் பார்த்த மலர்தான் என்னை டொக்டர் அம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் சொன்னதைக் கேட்டு மலர் கதிரையிலிருந்து எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய சீனியும் அப்போது நன்றாக இறங்கியிருந்தது. அவளுக்கும் மருந்து தொடங்கினார்கள்.

நேர்த்தியை முடிக்கக் கோயிலுக்குப் போனோம். வயிற்றுப் பிள்ளைக்காரி கையை ஓங்கக் கூடாது என்று அவளே உடைத்தாள். ஒரே அடி. தேங்காய் சிதறியது, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே காய்ந்து, சுருங்கிக் கிடந்தது. ஐயர் என் வயிற்றைப் பார்த்தார். இத்தனை நாள் காத்திருந்து வந்த பிள்ளைக்கு இப்படியொரு சகுனமா? மலர் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "என்ன முழிக்கிறீர்? இவ்வளவு காலம் எங்களோட நடந்த தேங்காய். வேர்க்காதே? தண்ணி முழுக்க வேர்த்துப் போட்டுது." ஐயரே சிரித்துவிட்டார். என் மகள் குறையொன்றுமில்லாமல் பிறந்தாள்.

கோயிலுக்குப் போய்வந்த மறுநாள் மலர் புதுத் தேங்காயோடு வந்தாள். இது யாருக்கு என்று ஆமிக்காரர் கேட்டார். அன்றைக்குத்தான் அவள் தன்னைக் காட்டினாள். அந்தத் தேங்காய் வெகுகாலம் நடந்தது. மருந்தும் ஊசியும் அவளுக்குச் சரிவரவில்லை. பிறகு ஒரு நாள் அது பையில் இல்லை, வேறொன்று இருந்தது. எங்கே என்று கேட்டேன். "சம்பல் அரைச்சாச்சு. நல்ல ருசி" என்றாள். என் மகளுக்கு முதல் சோறு தீத்தியவள் அவள்தான்.

யுத்தம் முடிந்து, காவலரணைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நான் வத்தளைக்குக் குடிபெயர்ந்தேன். மலர் தேங்காயை விடவில்லை. இப்போது யார் கேட்கிறார்கள், ஏன் சுமக்கிறீர் என்று ஒருமுறை கேட்டேன். "வெறுங்கையோட நடந்தா எங்க போறன் எண்டு எனக்கே தெரியாது" என்றாள்.

மலர் செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று யோகநாதன் அண்ணை என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டு, கதவுக்குப் பின்னால் தொங்கிய சீலைப் பையைக் கழற்றித் தந்தார். "இதை என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை ரஞ்சி." வாசலில் நின்ற மகள் எட்டிப்பார்த்து, "ஏனம்மா தேங்காய்?" என்றாள். அவளுக்கு இந்தக் கதையை இனித்தான் சொல்ல வேண்டும். நான் அதைக் காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தேன். தண்ணீர் தளம்பியது. இன்னும் வேர்த்து முடியவில்லை. நாளைக் காலையில் அதை நடக்கக் கொண்டுபோகிறேன்.