கையைப் பின்னால் கட்டுங்கோ

விசேட கல்வி ஆசிரியையாகத் தொடங்கி, அந்த ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பவளாக ஓய்வுபெற்றேன். ஓய்வு என்றுதான் பெயர். யாராவது கூப்பிட்டால் இப்போதும் பஸ் ஏறிவிடுகிறேன். இத்தனை காலமும் நான் கற்றுக்கொடுத்ததைச் சுருக்கிச் சொல்லச் சொன்னால் ஒரே வசனம்தான்: கையைப் பின்னால் கட்டுங்கோ.

பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் நாள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அடுத்த நாள் சிரிப்பு நின்றுவிடும். ஏனென்றால் எங்கள் ஆட்களுக்குச் சும்மா நிற்க வராது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் சோறு குழைத்து ஊட்டிவிடுகிற ஊர் இது. சப்பாத்து நாடாவைப் பிள்ளை தொடமுதல் ஆசிரியையின் கை அங்கே போய்விடும். வகுப்பைப் பார்க்க அதிகாரிகள் வந்தால் கேள்வி பிள்ளைக்கு, பதில் ஆசிரியையின் வாயிலிருந்து. பாசம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் மெதுவாகப் படிக்கிற பிள்ளையைக் கெடுப்பதும் அதே பாசம்தான். இதைச் சொல்லிச் சொல்லியே "கைகட்டி ரீச்சர்" என்ற பட்டத்தை வாங்கினேன். நான் இல்லாத இடத்தில்தான் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெயர் நன்றாகப் பிடிக்கும்.

போன வருடம் வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் விசேட கல்வி அலகில், பயிற்சி ஆசிரியை ஒருத்தியின் கற்பித்தலைப் பார்த்து வந்தேன். அவளுடைய வகுப்பில் டவுன் சின்ட்ரோம் உள்ள பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள், பெரிய பிள்ளை. தகப்பன் வெங்காயத் தோட்டம் செய்கிறவர். தாய்க்கு இருதய வருத்தம். ஒருநாள் இருவரும் வந்து, மகளைத் தூரத்தில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்தில் விடப்போவதாகச் சொன்னார்கள்.

"அவளுக்கு ஒண்டும் செய்யத் தெரியாது ரீச்சர். எனக்கு ஒண்டு நடந்தா இவளை ஆர் பாக்கிறது?" என்று தாய் அழுதார்.

பிள்ளை பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு விளங்காது என்று நினைத்துத்தான் கதைத்தார்கள். எல்லாம் விளங்கியது. அன்று முழுக்க அவள் ஆசிரியையின் சேலைத் தலைப்பை விடவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"வாற கிழமை ரெண்டு பேரும் வந்து மகள் போடுற தேத்தண்ணியைக் குடியுங்கோ. பிறகு யோசியுங்கோ" என்றேன்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. அந்தப் பயிற்சி ஆசிரியை மாதக்கணக்காக அவளுக்குத் தேநீர் போடப் பழக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வேலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிற முறை அது. முதலில் கலக்குவது மட்டும் பிள்ளையின் வேலை. அது கைவந்த பிறகு சீனி போடுவது, அதன் பிறகு தேயிலை வடிப்பது. கொதிநீர் ஊற்றுவதை அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். அதுதான் எனக்கும் பயம்.

அடுத்த கிழமை தாயும் தகப்பனும் வந்து கதிரையில் இருந்தார்கள். பிள்ளை சுடுதண்ணிப் போத்தலைச் சரித்தாள். பாதி கோப்பைக்குள், பாதி மேசையில்.

"ஐயோ, கை சுட்டுப்போடும்!" தாய் எழும்பிவிட்டார்.

ஆசிரியை அசையவில்லை. பின்னால் நின்ற எனக்கு அவளுடைய கைகள் தெரிந்தன. விரல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருந்தாள். "பொறுங்கோ அம்மா, அவள் செய்வாள்" என்றாள்.

பிள்ளை துணி எடுத்து மேசையைத் துடைத்தாள். திரும்பவும் ஊற்றினாள், இந்த முறை மெல்ல மெல்ல. வடித்து, சீனி போட்டு, கலக்கி, கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுபோய்த் தகப்பனிடம் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்தார்.

"சீனி காணாது, பிள்ளை."

இந்த மனிசனுக்கு வேறு கதை கிடைக்கவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு அப்படி ஒன்றும் இல்லை. கோப்பையைத் திருப்பி வாங்கினாள், சீனி போட்டாள், கலக்கிக் கொண்டுவந்தாள்.

"இப்ப?"

"இப்ப சரி."

பிறகுதான் எனக்கு உறைத்தது. மற்ற வீடுகளில் தகப்பன்மார் மகள்மாருக்குச் சொல்கிற அதே குறையைத்தான் அவரும் சொல்லியிருந்தார். எத்தனையோ பரிசளிப்பு விழாக்களில் மாலை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்றைக்கு வந்த பெருமை அங்கே ஒருநாளும் வந்ததில்லை. ஆசிரியை அப்போதும் கையைப் பின்னால் கட்டியபடிதான் நின்றாள், கண் நிறைந்திருந்தது.

தகப்பன் குடித்து முடித்துக் கோப்பையை மகளிடமே நீட்டினார்.

"அம்மாவுக்கும் ஒண்டு போடு. அவவுக்கு ஏலாது, இனி நீயும் பாக்கவேணும்."

"ஓம் அப்பா" என்று சொல்லிவிட்டு அவள் மற்றக் கோப்பையை எடுக்கப் போனாள்.